அக்சாயா, அல்தினோலுக்கா

ரெம்ஸி முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் வீட்டுச் சுவர்களைப் பூசியவர். வலது தோள் இப்போது காதுக்கு மேல் எழும்பாது. அந்த வருஷ வசந்தத்தில்தான் ஓய்வூதியம் வந்தது. அது வந்ததும் மனைவி குலிசார் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு வாரம் கடலோரம் போய் இருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் கடலை இரண்டு தரம் பார்த்திருந்தாள். இரண்டு தரமும் பஸ் ஜன்னல் வழியாக. இரண்டாவது தரம் அழுதுகொண்டே.

தனியாகப் போக இருவருக்கும் கூச்சம். குலிசாரின் அக்கா நாஜியேயும் அவள் கணவர் ருஸ்தமும் கூட வருவதாக ஏற்பாடு. ருஸ்தம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கை ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. கார் அவருடையது, ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஊரான துர்சுன்பெய்யில் அக்கா வீட்டு பால்கனியில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆலிவ் காய்த் தட்டு பாதி காலி. தேநீர் மூன்றாவது சுற்று.

“அக்சாய்தான். முடிஞ்சுபோச்சு,” என்றார் ருஸ்தம். “கடலைப் பார்த்த ரூம், பக்கத்துப் பக்கத்துல ரெண்டு. ஷுக்ரான் அம்மா விடுதி. என் பஸ்ல வந்து வந்து பழக்கம். வாக்கு குடுத்துட்டேன்.”

“அல்தினோலுக் போலாமே,” என்றார் ரெம்ஸி.

இரண்டும் ஒரே கரையில் இருபது கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கிற ஊர்கள். அக்சாயில் மணல், நீளமான நடைபாதை, சாயங்காலமானால் ஊரே வந்து நடக்கும். அல்தினோலுக்கில் கூழாங்கல், மலைக்காற்று, நெஞ்சுச்சளிக்காரர்கள்.

“அங்க என்ன இருக்கு தம்பி, ஆஸ்பத்திரிக் கூட்டம்தான் இருக்கும்,” என்றாள் நாஜியே. “நம்மள்ல யாருக்கு இருமல்?”

“காத்து நல்லாருக்கும்க்கா.”

“காத்து வேணும்னா இந்த பால்கனியிலயே உக்காரலாமே. இங்க என்ன குறைச்சல்?”

“அக்சாய்ல தண்ணி ஜில்லுனு இருக்கும். கடலுக்கடியில ஊத்து இருக்கு. கால் விறைச்சுப்போகும்.”

ருஸ்தம் கண்ணைச் சிமிட்டினார். “சகலை, நீ குளிக்கிறதே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. கடல் ஜில்லுனு இருந்தா உனக்கென்ன, கொதிச்சா உனக்கென்ன?”

எல்லோரும் சிரித்தார்கள். குலிசாரும் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு முட்டி வலிங்க. கல்லு மேல நடக்க முடியாது. மணல்னா பரவாயில்ல.”

ருஸ்தம் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். “பாரு. இதை வேண்டாங்கிறவனுக்குக் கண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?”

இளம்பச்சை அடித்த நாலு மாடிக் கட்டடம். பால்கனிகள் அரைநிலா வடிவம். மூன்றாம் மாடி பால்கனி மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

ரெம்ஸியின் பார்வையில் முதலில் பட்டதே அந்த ஒரு சாண்தான். போன வாரம் ருஸ்தம் தெருப்பெயரைச் சொன்னபோது, அதே கட்டடம்தானோ என்று வந்த சந்தேகம் இப்போது உறுதியாயிற்று. அதைக் கட்டின கோடையில், அந்த பால்கனிக்குக் கான்கிரீட் ஊற்ற ஈரப் பலகையை வளைத்துப் பிடித்திருந்தவர்களில் இவரும் ஒருவர். பலகை நழுவியது. தாஹிர் மேஸ்திரி, “விடுடா, கடலுக்குத்தானே தெரியப்போகுது,” என்றார். அப்போது ரெம்ஸிக்குப் பத்தொன்பது வயது.

நழுவின பலகையால் ஒன்றும் இல்லை. விஷயம் மணல். ஆற்று மணல் வண்டி வருவது நின்று ஒரு வாரமாயிற்று. மேஸ்திரி டிராக்டரைக் கரைக்கு ஓட்டச் சொன்னார். நாலு நாள் கடல் மணலை அள்ளி சிமெண்டோடு கலந்தார்கள். மண்வெட்டியின் கீழே சிப்பிகள் நொறுங்கும் சத்தம் கேட்கும். உப்பு கம்பியைத் தின்னும் என்று அங்கே வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். “மழை பெஞ்சா கழுவிக்கும்,” என்றார் மேஸ்திரி. தூணுக்குள் எந்த மழை பெய்யும் என்று யாரும் கேட்கவில்லை. ரெம்ஸியும் கேட்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்.

அதோடு போயிருந்தால் மறந்தும் போயிருப்பார். பதினோரு வருஷம் கழித்து யலோவாவில் பூமி அதிர்ந்தது. குலிசாருக்கும் நாஜியேவுக்கும் ஒரே தம்பி, ஜெவ்தெத், அங்கே தையல் ஆலையில் வேலை பார்த்தான். அவன் குடியிருந்த கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரெம்ஸியும் ருஸ்தமும் போய்த் தோண்டினார்கள். கான்கிரீட் கட்டி கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிப்பி. ருஸ்தம் அதைப் பார்த்து, “இது என்னது?” என்றார். ரெம்ஸி தெரியாது என்று தலையாட்டினார். ஜெவ்தெத்தை மூன்றாம் நாள் எடுத்தார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது மாமியார் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்து விரித்தாள். “இந்த மணலக் கலந்த கை விளங்காமப் போகட்டும்.” கூட நின்ற அத்தனை பேரும் ஆமீன் சொன்னார்கள். ரெம்ஸியும் சொன்னார்.

இருபத்தைந்து வருஷமாக அந்த ஆமீன் அவர் தொண்டையிலேயே நிற்கிறது.

“என்ன சகலை, படத்தைப் பாத்ததும் வாயடைச்சுப்போச்சா?” என்றார் ருஸ்தம். “மூணுக்கு ஒண்ணு. அக்சாய்.”

வீட்டுக்கு நடந்து வரும்போது, ரொட்டிக் கடை தாண்டியதும் குலிசார் கேட்டாள்.

“அக்சாய்ல யாரு?”

“யாருன்னா?”

“கடலுக்கடியில ஊத்து இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போனதே இல்லையே.”

“சின்ன வயசுல ஒரு கோடை வேலை பாத்தேன்.”

“முப்பத்தோரு வருஷமா சொல்லல.”

“சொல்ல என்ன இருக்கு? வேலைதானே.”

“ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் மூஞ்சி செத்துப்போச்சு? எவளாவது இருந்தா இருந்தான்னு சொல்லுங்க. இப்ப அவளுக்கும் என்னை மாதிரி முட்டி வலிதான் இருக்கும். நான் ஒண்ணும் சண்டைக்குப் போகமாட்டேன்.”

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. அடுத்த பத்து நாள் சோறு வந்தது, தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை.

ரெம்ஸி ஒவ்வொரு வழியாக யோசித்துப் பார்த்தார். தோள்வலி என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் படுத்தாலும் மற்ற மூன்று பேரும் போய் அந்தக் கட்டடத்தில் தூங்குவார்கள். முப்பத்தாறு வருஷமாக நிற்கிறது, இன்னும் ஒரு வாரம் நிற்காதா என்றும் நினைத்தார். யலோவாக் கட்டடமும் அந்த இரவு வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தது.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, குலிசார் சந்தையில் வாங்கின நீச்சல் உடையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். கை, கால், தலை எல்லாம் மூடின கருநீலத் துணி. ஐம்பத்தொரு வயதுக்காரி பக்கவாட்டில் திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டாள். கதவடியில் நிற்கிற கணவனைக் கண்ணாடியில் பார்த்ததும் வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது.

“என்ன பாக்கறீங்க? பெங்குயின் மாதிரி இருக்கேன்னு தெரியும்.”

“குலிசார், உக்காரு.”

அவள் அந்த உடையோடே கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் மணலில் தொடங்கி ஆமீன் வரைக்கும் சொன்னார். இழுத்துச் சொல்லவில்லை. கல் அடுக்குகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகச் சொன்னார். முடிந்ததும் அவள் ரொம்ப நேரம் அவர் கைகளையே பார்த்தாள்.

“ஜெவ்தெத் வீட்டையும் நீங்களா கட்டினீங்க?”

“இல்ல. சத்தியமா இல்ல. அதை வேற யாரோ.”

“என்ன வித்தியாசம்?”

அவருக்கும் தெரியவில்லை.

“அம்மா சாகற வரைக்கும் நீங்கதான் அவளுக்கு மருந்து வாங்கிக் குடுத்தீங்க,” என்றாள். அது பாராட்டா குற்றச்சாட்டா என்று அவள் குரலில் தெரியவில்லை. எழுந்து நீச்சல் உடையைக் கழற்றி மடித்தாள். பெட்டியில் வைத்தாள். பிறகு கேட்டாள்: “அந்த விடுதியில எத்தனை ரூம்?”

“பதினாறு இருக்கும்.”

“பதினாறு ரூம்லயும் ஆளு இருக்கும், இல்ல? சீசன்.” பெட்டியை மூடினாள். “அல்தினோலுக் போற வழியிலதான அக்சாய். இறங்கிச் சொல்லிட்டுப் போவோம். அக்காகிட்டயும் அங்கயே சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். அது என் வேலை இல்ல.”

ஷுக்ரான் அம்மா அறுபது தாண்டினவள். அவர்கள் போய் இறங்கியபோது விடுதி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ருஸ்தமைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். “வாங்க டிரைவர், ரூமெல்லாம் பெருக்கி வச்சாச்சு.”

ருஸ்தம் பெட்டியை இறக்கப் போனார். குலிசார் அவர் கையைத் தடுத்தாள். “கொஞ்சம் இருங்க அத்தான். இவர் ஒண்ணு சொல்லணும்.”

ரெம்ஸி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பாதியிலேயே ஷுக்ரான் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“யாருய்யா நீ? எந்த விடுதிக்காரன் அனுப்பினான்? ஜூலை மாசம் வாசல்ல வந்து நின்னு கட்டடம் விழும்னு சொல்றியே, நாக்கு அழுகாதா?”

“யாரும் அனுப்பலம்மா.”

“என் புருஷன் இதை வாங்கினப்ப இஞ்சினியர் வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டான்!”

“அவர் பூச்சைத்தான் பாத்திருப்பார். பூச்சு நல்லாத்தான் இருக்கும். அதையும் நாங்கதான் பூசினோம்.” ரெம்ஸி சுற்றிப் பார்த்தார். “கீழ்த்தளத்துல, மாடிப்படிக்குக் கீழ ஒரு தூண் இருக்கும். அதைக் காட்டுங்க. ஒரு நிமிஷம்.”

அவள் வைதுகொண்டே கூட வந்தாள். மாடிப்படிக்குக் கீழே துடைப்பம், வாளி, பழைய மெத்தைகள். தூணின் அடியில் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்திருந்தது. ரெம்ஸி பீன்ஸ் நறுக்கின கத்தியை வாங்கி அதன் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். பூச்சு விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி பென்சில் அளவுக்கு இளைத்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். மணலோடு ஒரு சிப்பி உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. முழுச் சிப்பி, உடையாதது.

ருஸ்தம் அதைக் குனிந்து பார்த்தார். அவருக்கு யலோவா ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. “அன்னிக்கு உன்னைக் கேட்டேனே சகலை,” என்றார்.

நாஜியே திரும்பி நடந்து போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வெளிய போங்க எல்லாரும்,” என்றாள் ஷுக்ரான் அம்மா. ஆனால் சிப்பியை ரெம்ஸி கையிலிருந்து எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அல்தினோலுக்கில் கிடைத்தது ஒரே ஒரு மாடி வீடு, மலைப்பக்கம், கடலுக்குப் பத்து நிமிஷ நடை. காற்று நன்றாகத்தான் இருந்தது. நாஜியே ரெம்ஸியோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் குலிசாரிடம் கேட்டாள், அது ரெம்ஸியின் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும். ருஸ்தம் இரண்டு பக்கமும் பேசிக் களைத்துப் போய், மூன்றாம் நாள் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டார். கைபேசியை மறந்து நாஜியேவிடமே விட்டுவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலையில் குலிசார் கருநீல உடையைப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தாள். கூழாங்கல்லின் மேல் நாலடி நடந்தாள். முட்டி மடங்கியது. நின்றுவிட்டாள். தண்ணீர் இன்னும் பத்தடி தள்ளி இருந்தது. ரெம்ஸி ஏழெட்டு அடி பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. வந்ததிலிருந்தே தெரியவில்லை.

“என்ன வேடிக்கை பாக்கறீங்க?” என்றாள் அவள் திரும்பாமல். “கையக் குடுங்க.”

அவர் இடது கையை நீட்டினார். வலது கை தோளால் உதவாது. அவள் முழு பாரத்தையும் அதன் மேல் போட்டாள். இருவரும் கல் கல்லாகத் தடவிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் கணுக்காலில் பட்டதும் குலிசார் வாயைத் திறந்து “ஐயோ ஜில்லுனு” என்று கத்தினாள். இடுப்பு வரைக்கும் போன பிறகும் கையை விடவில்லை.

கரையில் குடைக்கடியில் நாஜியே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் ருஸ்தமின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டாள். கொஞ்ச நேரம் ‘ம், ம்’ என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, விதைத் தோலைப் பாவாடையிலிருந்து தட்டிவிட்டு, தண்ணீரின் விளிம்பு வரை வந்து நின்றாள்.

“தம்பி,” என்றாள். நாலு நாளில் அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. “அக்சாய்க்காரி பேசறா. ரூமெல்லாம் காலி பண்ணிட்டாளாம். தூணைத் துளைச்சுப் பாக்க ஆள் கூட்டி வந்திருக்கா. எதெதுல அந்த மணல் இருக்குன்னு காட்ட உங்களைத்தான் வரச் சொல்றா.”

ரெம்ஸி குலிசாரைப் பார்த்தார். அவள் தண்ணீருக்குள் நின்றபடி தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“வர்றோம்னு சொல்லுக்கா,” என்றாள். “ஆனா அரை மணி நேரம் ஆகும். இப்பத்தான் இறங்கியிருக்கேன்.”