வேகாத அரிசிக்கு ஒரு தீர்ப்பு

பிள்ளையார் மேல் ஆணை, என் பல்செட்டின் மேல் ஆணை, இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எங்கள் ஊரில் ரேஷன் அரிசி, பட்டிமன்றத்தில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் வேகும்.

காசு கொடுத்து வாங்கிய அரிசிக்கு இந்தத் தொல்லை இல்லை. இலவச அரிசிதான் உலையில் கிடந்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டிமன்றம் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு மேடையில். மணி அடிப்பது நான். தலைப்பு மாறுவதே இல்லை: இலவசம் வாழவைக்கிறதா, சோம்பேறியாக்குகிறதா. சோம்பேறி அணிக்கு ஜவுளிக்கடை தர்மலிங்கம் தலைவர். நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாசிலாமணி. யார் மனமும் நோகக்கூடாது அவருக்கு. "இரண்டு அணியும் சொன்னது சரியே" என்று முடிப்பார். கைதட்டுவோம். அதனால் அரிசி பாதிதான் வேகும். மென்று மென்று தாடை பழகிவிட்டது.

சித்தாள் வேலைக்குப் போகும் அன்னக்காமுவுக்குத்தான் முடியவில்லை. அவள் புருஷன் கந்தப்பன் வாதத்தில் படுத்தவர்; குழைந்த சோறுதான் தொண்டையில் இறங்கும். கடை அரிசி வாங்க அவளுக்கு வழியில்லை. பாதி வெந்ததை வாயில் வைத்துக்கொண்டு அவர் அவளையே பார்ப்பார். உடம்பு கரைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சிமெண்டுக் கையோடு மேடைக்கு வந்துவிட்டாள்.

"சார், ஏதாவது ஒரு பக்கம் சொல்லிருங்க."

"அதெப்படிம்மா? மத்த அணி மனசு என்ன பாடுபடும்?"

"எனக்கு எதிரா சொன்னாலும் சரி சார். வெந்தாப் போதும்."

சொன்னவள் நேராகப் போய் தர்மலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு அந்தப் பக்கம்லா?"

"தள்ளி உட்காருங்க அண்ணாச்சி. என் சோம்பேறித்தனம் உங்களைவிட எனக்குத்தான் தெரியும்."

மணி அடித்தேன். மைக்கைப் பிடித்தாள்.

"நான் சோம்பேறிதான். விடியுமுன்ன தண்ணி பிடிச்சு, அவரைத் துடைச்சுவிட்டு, சாந்து சுமக்கப் போறேன். மத்தியானம் செங்கல் அடுக்குல செத்த நேரம் சாயுறேன் பாருங்க, அதுக்குப் பேரு வேற என்ன?"

வாழவைக்கிறது அணியில் ஒருவரும் எழவில்லை. "அவங்களே ஒத்துக்கிட்டாங்களே" என்று மட்டும் முனகினார்கள். மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். வேறு வழியில்லாமல், "சோம்பேறியாக்குகிறது" என்றார்.

ஊரெல்லாம் உலை பொங்கியது. தனக்குப் போர்த்திய பொன்னாடையை மடித்துப் பிடித்து, அன்னக்காமு பானையை இறக்கினாள். கந்தப்பன் விழுங்கினார். "இன்னுங் கொஞ்சம்" என்றார்.

தீர்ப்பு என்றால் தீர்ப்புதான். மறுநாள் அந்தச் சோற்றைத் தின்ற யாரும் எழுந்திருக்கவில்லை. ஜவுளிக்கடை ஷட்டரைத் தூக்க ஆளில்லை. டீக்கடை அடுப்புப் பற்றவில்லை. குப்பை கிடந்த இடத்திலேயே கிடந்தது. தர்மலிங்கம் வந்து அன்னக்காமுவின் கதவைத் தட்டினார்.

"எந்திரி தாயி. சாயங்காலம் வந்து மாத்திப் பேசு."

"பசியில்ல அண்ணாச்சி. தூக்கம் வருது" என்றாள், புருஷன் பக்கத்தில் படுத்தபடியே.

தெருவையாவது கூட்டுவோம் என்று அவர் விளக்குமாறைத் தேடினார். பெண்களுக்குக் காசு வாங்காத டவுன் பஸ், ஸ்டாண்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கூட்டினார்.

இதை நானும் படுத்தபடிதான் எழுதுகிறேன். மாடிவீட்டுக்காரனான என்னிடமும் அரிசி அட்டை இருப்பது இங்கே யாருக்கும் தெரியாது. சொன்னது யாரென்று வெளியே விட்டுவிடாதீர்கள், வந்து எழுப்பிவிடுவார்கள்.