லயத்துக்கு ஒருத்தர் பயப்படணும்

நிவித்திகலைக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறினால் வரும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பராக்கள் ஒரே வரிசையாக ஒட்டிய லயத்தில், மழை முதலில் பெய்வது இந்திரகுமாரின் உள்ளங்கையில்தான். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இருக்காது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வரும் வழியிலேயே மனுசன் கையை இடுப்புச் சாரத்தில் துடைக்கத் தொடங்கிவிடுவான். துடைக்கத் துடைக்க வேர்க்கும். அதைக் கண்டதும் அவன் மனைவி சுகந்தினி கொடியில் கிடக்கும் உடுப்பை அள்ளிவிடுவாள். ஒரு நாளும் பிசகியதில்லை.

மழை இறங்கியதும் காம்பராவின் முன்பக்க இஸ்தோப்பில் போய் நிற்பான். கை சுவரில், கண் எதிரே நிற்கும் மலையில். மழை விடும்வரை உட்கார மாட்டான். வைத்த சோறு வைத்த இடத்தில் ஆறிக் கிடக்கும். என்னத்தைத்தான் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "பாக்கல, கேக்கிறேன். மலை தண்ணி குடிக்குது" என்பான். அதைக் கேட்டுச் சுகந்தினி பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. பிறகு எரிச்சல் வந்தது. அதற்கும் பிறகு பாவமாக இருந்தது.

சும்மா வந்த வியாதியா இது? மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வைகாசி மழையில் கீழ் லயம் மண்ணுக்குள் போனது. அன்று முதலில் சத்தம் கேட்டது இந்திரகுமாருக்குத்தான். உடனே சுவரைத் தட்டினான். லயத்தில் அது ஒரு வழக்கம். சாவோ பிரசவமோ, நடுச்சுவரைத் தட்டுவார்கள். கேட்டவர் எதற்கு என்று விசாரிக்காமல் தன் மறுபக்கச் சுவரைத் தட்ட வேண்டும். அப்படியே கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராவரைக்கும் போய்ச் சேரும். பத்துக் காம்பராவும் வெளியே வந்து கோயில் மேட்டுக்கு ஓடிவிட்டது. மலை இந்த லயத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. கீழ் லயத்துக்கும் இதற்கும் நடுவில் தட்டுவதற்குச் சுவர் இல்லை. அங்கேதான் அவன் தங்கச்சி இருந்தாள்.

அப்புறம் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மலையில் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். இங்கே குடியிருக்கக் கூடாது, வேறு இடம் தருகிறோம் என்றார்கள். கோடு அழிந்து போனது. லயம் அங்கேயேதான் இருக்கிறது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னா, நம்ம மச்சானுக்கு நனைஞ்சதெல்லாம் மண்சரிவு" என்பான் பக்கத்துக் காம்பரா அழகமுத்து. எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, ஓட்டில் மழை அடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்குவார்கள். சுகந்தினியும் அப்படித்தான் தூங்கினாள். அந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்று அவள் யோசித்ததே இல்லை.

போன ஐப்பசியில் அவன் நின்ற இடத்திலேயே சாய்ந்தான். ஆட்டோ பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் சுகந்தினி. "பய வென்ன எப்பா" என்று சிங்களத்தில் ஆறுதல் சொல்லி, பயப்படாதே என்று முதுகைத் தடவினாள் ஒரு நர்ஸ். டாக்டர் நுஸ்ஹா அவனை வெகுநேரம் பேசவிட்டுக் கேட்டாள். பிறகு சுகந்தினியைத் தனியே கூப்பிட்டாள்.

"பயம் எண்டது ஒரு வேலைக்காரன் மாதிரி. ஆபத்து வந்தா ஓடி வருவான், நெஞ்ச வேகமா அடிக்க வைப்பான், கால ஓட வைப்பான். வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போகணும். ஒங்கட மாப்புளட்ட வந்தவன் மூணு வருஷமா போகல்ல. ராப்பகலா வேல செய்றான். இன்னொரு மழைக்காலம் இப்பிடி நிண்டா இவர்ட ஹார்ட் தாங்காது. மாத்திரைய ஒரு நாளும் விட்றாதீங்க."

மாத்திரை வேலை செய்தது, சும்மா சொல்லக்கூடாது. தைப்பொங்கல் வருவதற்குள் கன்னத்தில் சதை பிடித்தது. மகள் லோஜினியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடினான். ஒருநாள் மழை வந்தபோது பாயில் படுத்துக் குறட்டை விட்டான். பழைய புருசன் திரும்பி வந்துவிட்டான் என்று சுகந்தினி அடுப்பங்கரையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பல் கொட்ட வெளியே வந்தாள். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. லயத்தில் ஆளிருந்த எல்லாக் காம்பராக் கதவும் ஒரு முகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒருவர்கூட மலையைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அவள் வீட்டு இஸ்தோப்பை, ஆளில்லாத அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மச்சான் எங்க?" என்றான் அழகமுத்து. குரலில் கேலி இல்லை.

"தூங்குறாருங்க."

"மழ பெய்யுதே."

அவள் உள்ளே வந்தாள். அன்று ராத்திரி அவளுக்கும் தூக்கம் வரவில்லை. ஓட்டில் விழுகிற ஒவ்வொரு துளியும் காதுக்குள் விழுந்தது. பக்கத்தில் அவன் கைகால் பரப்பிக் குழந்தை மாதிரிக் கிடந்தான். தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை காய்ந்திருந்தது. அதைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

பங்குனியில், பட்டப்பகலில், நல்ல மழைக்குள் சுவர் தட்டும் சத்தம் கேட்டது. வழக்கம் வழக்கம்தானே. சுகந்தினி மறுபக்கச் சுவரைத் தட்டிவிட்டு லோஜினியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லயமே கோயில் மேட்டில் நனைந்தபடி நின்றது. கடைசியாக இந்திரகுமார் குடை பிடித்துக்கொண்டு, வழுக்காமல் பார்த்துப் பார்த்து நிதானமாக ஏறி வந்தான்.

மலை அசையவில்லை. யார் முதலில் தட்டியது என்று கேட்டார்கள். அழகமுத்து தனக்கு மறுபக்கத்துக் காம்பராவிலிருந்து வந்தது என்றான். அவர்கள் அடுத்த காம்பராவைக் காட்டினார்கள். அடுத்தவர் அதற்கும் அடுத்ததை. கேட்டுக் கேட்டுப் போனதில் அது தொங்கல் காம்பராவில் வந்து நின்றது. அந்தக் காம்பராக்காரர்கள் கொழும்புக்குப் போய் ஒரு வருஷமாகிறது. பூட்டில் துரு ஏறியிருந்தது. உள்ளே எட்டிப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் சுவர் தட்டியது. சில நாள் அந்தக் கோடியிலிருந்து, சில நாள் நடுவிலிருந்து. லயத்தில் தூக்கம் செத்துப்போனது. கண் சிவந்த பெண்கள் கொழுந்து பறிக்கும் மலையில் வழுக்கி விழுந்தார்கள். மழையிலும் சுகமாகத் தூங்கிய ஒரே ஆள் இந்திரகுமார்தான்.

நாலாம் காம்பரா இருளாயி, பேச்சில் யாருக்கும் பணியாதவள், ஒரு மத்தியானம் வந்து சுகந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுகந்தி, தப்பா நெனைக்காத. தம்பியைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லு."

"அவரு நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கக்கா."

"சும்மா நின்னா போதாதாடி?"

"சும்மா நின்னா ஒங்களுக்குத் தெரிஞ்சுடுமே."

இருளாயி தலையைக் குனிந்தாள். "ஆமா, தெரிஞ்சுடும்" என்றாள். "நெசமாவே பயந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். லயத்துக்கு ஒருத்தர் பயப்படணும்ல."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பது இதுதான். சுகந்தினிக்கு ஆத்திரம் பொங்கியது. வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னாள். இருளாயி போன பிறகு பாயில் கிடந்த லோஜினியைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். மறுநாள் காலையில் மாத்திரைப் பாக்கெட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். தான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது குடித்து மிச்சமிருந்த விற்றமின் மாத்திரையும் அதே வெள்ளைதான். அதை எடுத்துத் தண்ணீரோடு புருசன் கையில் கொடுத்தாள். அவன் வாயில் போட்டு, ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

சில நாள் கழித்து அவன் சாரத்தில் கையைத் துடைப்பதைக் கண்டாள். மழை வந்தது. எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்து நின்றான். லயத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அன்று சுவர் தட்டவில்லை. விடிந்து பார்த்தால் வாசற்படியில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் அவித்த முட்டை, வெற்றிலை, ஒரு சுருட்டு. முனியாண்டி கோயிலில் வைப்பதைப் போலவே வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. முட்டையை உரித்து மகளுக்குக் கொடுத்தாள்.

வைகாசி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டது. பகல்தான் என்றாலும் காம்பராவுக்குக் காம்பரா குறட்டைச் சத்தம். இந்திரகுமார் நின்றுகொண்டிருந்தான். கழுத்து நரம்பு துடிப்பது உள்ளேயிருந்த அவளுக்கே தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சுகந்தினி பக்கத்தில் போனாள்.

"சுகந்தி" என்றான் அவன், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டாக்டரம்மா குடுத்த பெத்தி கசக்கும். நீ இப்ப தர்றது இனிக்குது."

அவள் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"மொத நாளே."

"தெரிஞ்சுக்கிட்டா முழுங்குனீங்க?"

"எனக்குச் சொகமானதிலருந்து நீ கண்ண மூடல. மறுபடி நான் இங்க வந்து நின்ன அன்னைக்கித்தான் தூங்குன, பாப்பா மேல கையப் போட்டுக்கிட்டு. வெளிய நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

சுகந்தினி உள்ளே ஓடினாள். அரிசியைக் கொட்டி மாத்திரைப் பாக்கெட்டை எடுத்தாள். தண்ணீர் மொண்டு கொண்டுவந்து, மாத்திரையை அவன் கையில் வைத்தாள். வேர்வையில் அது உடனே கரையத் தொடங்கியது.

"போட்டுக்கவா?" என்று கேட்டான். குறையாகக் கேட்கவில்லை. கடைக்குப் போகவா என்பது போலக் கேட்டான். "போட்டா நான் உள்ள வந்து படுத்துருவேன். அப்புறம் மலையக் கேக்க யாரும் இருக்க மாட்டாங்க. சொல்லு."

போடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டர் சொன்னது முழுக்க அவளுக்கு நினைவிருந்தது. இந்த மனுசனை அவள் விரும்பித்தான் கட்டினாள். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. உள்ளே லோஜினி புரண்டு படுத்தாள். மழை இன்னும் ஒரு பிடி இறுகியது.

அவன் காத்திருந்தான். பிறகு பாதி கரைந்த மாத்திரையை அவள் கையிலேயே வைத்து விரல்களை மூடிவிட்டான்.

"அழாத. போய்ப் படு" என்றான்.

அவள் உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்தாள். தேம்பிக்கொண்டேதான் படுத்தாள். தேம்பல் அடங்குவதற்குள் தூங்கிவிட்டாள்.