குகதாசனின் வாய்ப்பூட்டு

குகதாசனுக்கு விடை தெரிந்துவிட்டால் வாய் சும்மா கிடக்காது. அதுதான் அந்த மனுசனின் வியாதி. போன மாதம் ஸ்ட்ரெதமில் பள்ளிக்கூடங்களுக்கிடையிலான வினாடிவினா அரையிறுதி. மகள் கம்சிகா பஸரை அமத்த முதலே, பார்வையாளர் வரிசையில் இருந்து இவர் விடையைக் கத்திவிட்டார். கேள்வி ரத்து. அவளின் அணி ஒரு புள்ளியில்தான் தப்பியது.

"இறுதிப்போட்டியிலை வாயைத் திறந்தியளெண்டால், இனி நான் விளையாடுற ஒரு இடத்துக்கும் நீங்கள் வரக்கூடாது" என்று கம்சிகா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

இன்று விம்பிள்டனில் இறுதிப்போட்டி. மனைவி சிவனேஸ்வரி அவர் வாய்க்குள் ஒரு டொபியைத் திணித்தாள். பல்லில் ஒட்டினால் இலேசில் விடாத சாமான். பாவம், மனுசன் முப்பத்தொன்பது கேள்விக்கு நாலு டொபி முடித்துவிட்டார்.

இரண்டு அணியும் சமம். கடைசிக் கேள்வி: "ஆகக் கூடுதலான சந்திரன்கள் உள்ள கோள் எது?"

அட, இது பால்குடியும் சொல்லுமே! வியாழன்! யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்பிலேயே படித்தது. மேடையில் பிள்ளைகள் முழிக்கிறார்கள். இங்கே டொபி கரைந்துபோயிற்று, உதடும் பிரிந்துவிட்டது. பதறிப்போய் கழுத்து மப்ளரைச் சுருட்டி வாய்க்குள் அடைத்தார்.

பஸர் அடித்தது. கம்சிகா. "சனி!"

குடி முழுகிப்போச்சு! மகளுக்கு ஏழரைச் சனி என்று கோயிலில் கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் எரித்தாரே, அந்தாள் கடைசிக் கேள்வியிலும் வந்து குந்திவிட்டாரே! குகதாசனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரியான விடை!"

மண்டபமே எழும்பிக் கைதட்டியது. கம்சிகா பாய்ந்து வந்தாள். "அப்பா! நீங்கள் மூச்சே விடேல்லை!"

குகதாசன் மப்ளரை வாயிலிருந்து உருவி எடுத்தார். "பிள்ளை, உது வியாழன் எல்லோ?"

"அது உங்கட காலத்திலை. பிறகு சனிக்குக் கனக்கச் சந்திரன் கண்டுபிடிச்சிட்டினம்."

"அப்ப நான் கத்தியிருந்தால்?"

"கேள்வி ரத்து. கிண்ணமும் போயிருக்கும்."

குகதாசன் மெல்ல இழுத்தார்: "அப்ப... அடுத்த போட்டிக்கு நான்..."

"கட்டாயம் வரவேணும் அப்பா. நீங்கள் இல்லாமல் எனக்கும் ஏலாது."

ஈர மப்ளரை அவர் கையிலிருந்து பறித்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கிண்ணம் வாங்க மேடைக்கு ஓடினாள்.