குலுக்கல் பெட்டியில் ரியோஹெய்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வழியில் தடம் மாறிவிட்டது. பழி என்னுடையதுதான்.

சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் சிவகாமசுந்தரி போன் செய்தார். "சார், ஜப்பான்ல பேஸ்பால்னா உயிரை விடறாங்களாமே. இந்தத் தொழில்முறை லீகெல்லாம் சுதந்திரச் சந்தைக் கொள்கைக்கு ஒத்துவருதா இல்லையான்னு ஒரு கட்டுரை வேணும். கதை வேண்டாம் சார், ப்ளீஸ்." கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார். என்னை நன்றாக அறிந்தவர்.

உட்கார்ந்தேன்.

'சுதந்திரச் சந்தை என்பது வாங்குபவரும் விற்பவரும் எவருடைய வற்புறுத்தலும் இன்றி'

எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

'மனித குலம் பந்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே'

சீ. இதை எழுதியவனை நேரில் பார்த்தால் அறையலாம். கண்ணாடி பக்கத்திலேயே இருந்தது.

'ஓனுகியின் கடையில் மாலை ஏழு மணிக்கு'

இது பரவாயில்லை. இதில் கொஞ்சம் சோற்று வாசனை இருக்கிறது. ஆனால் இது கதை. மன்னியுங்கள், சிவகாமசுந்தரி.

2

நான் குடியிருக்கிற இந்த ஜப்பானியத் துறைமுக ஊரில் ஓனுகி மசகத்சு என் வீட்டுக்காரர். கீழே அவருடைய சூப்பர் மார்க்கெட், மேலே நான். என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார். எதையாவது எழுதுகிற எவனையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓனுகி கூப்பிட்டால் மட்டும் அதில் ஒரு சிட்டிகை கிண்டல் கூடுதலாக இருக்கும்.

மாலையில் மீந்துபோன சாப்பாட்டுப் பெட்டிகள்மேல் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார். ஏழு மணிக்கு முன்பே ஒரு கூட்டம் கருவாடு வாங்க வந்ததுபோல் நடித்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றும். அந்தக் கூட்டத்தில் நானும் உண்டு.

"பார்த்தீங்களா வாத்தியாரே, இதான் சந்தை. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. விலை இறங்குது, பெட்டி நகருது. அரசாங்கமா வந்து இந்த ஸ்டிக்கரை ஒட்டுச்சு?"

அவருடைய மகன் ரியோஹெய், இடது கைப் பந்து வீச்சாளன். பகலில் கப்பல் பட்டறையில் வெல்டர். மற்ற நேரம் அந்தப் பட்டறையின் அணிக்கு ஆடுகிறான். இந்த இலையுதிர் காலத்தில் இரண்டு தொழில்முறை அணிகள் அவனைக் கேட்டன. ஒன்று, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள 'கொக்குகள்'. எங்கள் ஊரில் பிறக்கிற குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கொக்குத் தொப்பி வைத்துவிடுவார்கள். மற்றொன்று, வடக்குத் தீவின் 'நரிகள்'. அங்கே பாதி வருடம் பனி.

ஒருவனை இரண்டு அணிகள் கேட்டால் பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர்கள் மட்டும்தான் அவனிடம் பேசலாம். மற்றவர் அவன் வீட்டுக் கதவைக்கூடத் தட்டக் கூடாது. ஓனுகி இந்தக் குலுக்கலை வருடா வருடம் டிவியில் கைதட்டிப் பார்த்தவர்தான். இந்த வருடம் கை ஓய்ந்துவிட்டது.

"என் பையனுக்கு ரெண்டு கம்பெனி வேலை தர்றேங்குது. எவன் நல்ல சம்பளம் தர்றானோ அங்க போகணும். அதானே நியாயம்? இவனுங்க என்னடான்னா சீட்டுக் குலுக்குறானுங்க! அவன் என்ன திருவிழாக் கடை பொம்மையா?"

"ஓனுகி-சான், உங்க எதிர்க்கடை மூடிட்டா என்ன செய்வீங்க?"

"கொண்டாட ஒரு பாட்டில் சாக்கே சாராயம் உடைப்பேன்."

"கொக்குகளுக்கு எதிரணிங்க எல்லாம் மூடிட்டா?"

ஓனுகி அடுத்த பெட்டியை எடுத்து ஸ்டிக்கர் ஒட்டினார்.

"யாரோட ஆடுவாங்க? பணக்கார அணி ஒண்ணே எல்லா நல்ல ஆளையும் அள்ளிட்டா, முடிவு தெரிஞ்ச ஆட்டத்துக்கு யாரு டிக்கெட் எடுப்பா? லீகுங்கிறதே ஒரே கடைதான். அணியெல்லாம் அதோட கிளைங்க."

"அப்போ இது சந்தை இல்ல. கூட்டுச் சதி."

"ஆமா. நீங்க காசு குடுத்துப் பார்க்கிற சதி."

அன்று என் பெட்டிக்கு மட்டும் ஸ்டிக்கர் விழவில்லை.

(அடைப்புக்குறிக்குள் ஒரு விஷயம். இந்த உரையாடலில் நான் கொஞ்சம் அதிகமாகவே ஜெயிக்கிறேனோ? எழுதுகிறவன் நானல்லவா. உண்மையில் அந்தக் கடைசி வரி இரண்டு நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் தோன்றியது.)

3

குலுக்கல் நாள். பட்டறைக் கேன்டீனில் கேமராக்கள். கோட் போட்டுக்கொண்டு நடுவில் ரியோஹெய், பக்கத்தில் ஓனுகி, அவர் மனைவி ஹிசாயோ. பின்னால் வெல்டர்கள். அதற்கும் பின்னால், எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு, நான்.

சுவரிலிருந்த டிவியில் கொக்குகளின் மேனேஜரும் நரிகளின் மேனேஜரும் ஆளுக்கொரு சீட்டெடுத்துப் பிரித்தார்கள். கொக்குகளின் மேனேஜர் டிவியில் இளமையாகத் தெரிய வேண்டும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். சீட்டில் சிவப்பாக ஒரு முத்திரை தெரிந்தது. கையை ஓங்கி உயர்த்திக் கத்தினார்.

கேன்டீன் கூரை பறந்தது. வெல்டர்கள் ரியோஹெய்யைத் தூக்கி ஆகாயத்தில் எறிந்து எறிந்து பிடித்தார்கள். ஹிசாயோ மடியில் ஒளித்து வைத்திருந்த கொக்குத் தொப்பியை அவன் தலையில் அழுத்தினார். ஓனுகி தேம்பித் தேம்பி அழுதார். "குலுக்கல்னா இதான்யா குலுக்கல்! மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான்!"

சிவப்பு முத்திரை எல்லாச் சீட்டிலும் உண்டு. அது லீகின் முத்திரை. வென்ற சீட்டில் மட்டும் அதன் பக்கத்தில் எழுத்து இருக்கும். அந்த எழுத்து நரிகளின் மேனேஜர் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். எதிரில் குதிக்கிற மனிதரையும் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரை எப்படிக் குறுக்கிடுவது என்று சங்கடப்பட்டு, சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தலை குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.*

தவறை அறிவித்தபோது ரியோஹெய் இன்னும் நண்பர்களின் தோளில் இருந்தான். மெதுவாக இறக்கினார்கள். ஹிசாயோ தொப்பியை எடுத்து மறுபடி ஒளித்தார். தொப்பி அழுத்திய தலைமுடி அப்படியே படிந்திருந்தது. நிருபர் மைக்கை அவனிடம் நீட்டினார். ஓனுகி பிடுங்கிக்கொண்டார்.

"இது அநியாயம்! ஆளைச் சீட்டுப் போட்டு எடுக்கிறது எந்த ஊர் வியாபாரம்?"

* வேறு ஊர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள் என்று இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்தேன். எங்கள் ஊரில் இதை யாரும் கேள்வியே கேட்க மாட்டார்கள் என்பதால் மறுபடி சேர்த்துவிட்டேன்.

4

நரிகள் அணியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே குனிந்து வணங்கி, ஒரு பெட்டி பனி நண்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

ரியோஹெய் மறுக்கலாம். இந்த ஏற்பாட்டில் அவனுக்கு இருக்கிற ஒரே சுதந்திரம் அது. மறுத்தால் பட்டறையிலேயே இருந்துகொண்டு அடுத்த வருடப் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பந்து வீச்சாளனின் முழங்கை, பிரிட்ஜில் வைத்து அப்புறம் எடுத்துக்கொள்கிற பொருள் இல்லை.

"போக மாட்டான்" என்றார் ஓனுகி. "கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என்னங்க, அன்னைக்கு கேன்டீன்ல ஓன்னு அழுதீங்களே. அதுவும் அதே பெட்டிதானே?" என்றார் ஹிசாயோ.

"அது வேற."

"என்ன வேற? பக்கத்து ஊர் சீட்டுன்னா சாமி குடுத்தது, தூரத்து ஊர் சீட்டுன்னா அநியாயமா? நம்ம கடைக்கு முட்டை போடறவர் விலை ஏத்திக் கேட்டா மட்டும் உங்களுக்குக் காது அடைச்சுக்குது, அந்தக் கொள்கைதானே இது?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நண்டுதான் கெட்டுப் போகுது." பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இந்த இடத்தில் ஓனுகி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஊருக்கு உபதேசம், தன் வீட்டுக்கு வந்தால் தடுமாற்றம். கதாபாத்திரம் ரொம்ப வசதியாக அமைந்துவிட்டதே? அவரைப் பல் மருத்துவராக மாற்றிப் பார்த்தேன். ஸ்டிக்கர் போய்விட்டது, உயிரும் போய்விட்டது. அதைவிட, நான் மட்டும் என்ன ஒழுங்கு? சந்தை, சமநிலை என்று அவரிடம் வாய் கிழியப் பேசியவன், அன்று கேன்டீனில் அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கும் அவன் கொக்குகளுக்குத்தான் ஆட வேண்டும். முடிவை எழுதாமல் நாளைக் கடத்தியதற்குக் கலை காரணமில்லை.

5

கடைசியில் எழுதினேன். ஒன்றல்ல, நான்கு முடிவுகள்.

முதல் முடிவில் ரியோஹெய் வடக்கே போகிறான், கொக்குகளையே வீழ்த்துகிறான், ஓனுகி கடைக்குப் பின்னால் ஒளிந்து கைதட்டுகிறார். கண்ணீருக்கு உத்தரவாதம். எழுதிய எனக்கு வெட்கம்.

இரண்டாவதில் மறுத்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்கிறான், அடுத்த குலுக்கலில் கொக்குகள்! இது முடிவல்ல, லாட்டரிச் சீட்டு விளம்பரம்.

மூன்றாவதில் வழக்குப் போட்டு லீகையே கிடுகிடுக்க வைக்கிறான். எந்தக் கோர்ட் வாசலையும் மிதிக்காத எனக்கு நான்காவது வரியிலேயே சரக்குத் தீர்ந்து

நான்காவதுதான் என் சாமர்த்தியம். இரண்டு முடிவுகளைச் சீட்டில் எழுதி மடித்து வாசகரிடம் நீட்டுவது: நீங்களே எடுங்கள்! இதை எழுதியதும் என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன்.

சிவகாமசுந்தரிக்கு அனுப்பினேன். போன் வந்தது.

"கதை வேண்டாம்னு சொன்னேன். சரி, விடுங்க. ஒரு சந்தேகம் சார். அந்தப் பையன் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறான்?"

"பேசறானே?"

"எங்க சார்?"

தேடினேன். அப்பா பேசுகிறார், அம்மா பேசுகிறார், நான் நிறுத்தவே இல்லை. நண்டுக்குக்கூட ஒரு வரி கிடைத்திருக்கிறது. ரியோஹெய்க்கு ஒரு சொல் இல்லை. லீக் அவனைக் கேட்காமல் பெட்டிக்குள் கைவிட்டது. அப்பா அவனைக் கேட்காமல் மறுத்தார். இரண்டு பேரையும் நக்கலடித்த நான் அவனைக் கேட்காமல் நான்கு முடிவுகள் கட்டி, சீட்டுக் குலுக்க உங்களையும் கூட்டுச் சேர்த்திருக்கிறேன். மானம் போயிற்று.

6

மதிய இடைவேளையில் பட்டறைக்குப் போனேன். ரியோஹெய் துறைமுகச் சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"ரியோஹெய், உனக்கு என்னப்பா வேணும்?"

சுவரில் பட்டுத் திரும்பிய பந்தை அவன் பிடிக்கவில்லை. அது கயிற்றுச் சுருள்களுக்குள் உருண்டு போயிற்று.

"எதுக்கு மாமா கேட்கறீங்க? கதைக்கா?"

"ஆமா. இல்ல. கதைக்கும்தான், எனக்கும்தான்."

சிரித்தான். "இதுவரைக்கும் யாரும் கேட்கல. கேட்டா முழிப்பேன்னுதான் நினைச்சிருந்தேன். பதில் இருக்கும் போலிருக்கே."

சொன்னான். அடடா, இதுவல்லவா முடிவு என்று என் மனம் அப்போதே பேனாவைத் தேடியது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"எழுதிடாதீங்க மாமா. அப்பாகிட்ட நான்தான் முதல்ல சொல்லணும். அவருக்கு முன்னாடி உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது."

மாலையில் வழக்கம்போல் கருவாடு பார்த்துக்கொண்டு நின்றேன். ஓனுகி ஸ்டிக்கர் சுருளுடன் வந்தார். பட்டறை உடுப்போடு ரியோஹெய் அவர் முன்னால் போய் நின்றான்.

"என்னடா, பசிக்குதா? இரு, ஒட்டிட்டுத் தர்றேன்."

"அப்பா, நான் கொஞ்சம் பேசணும்."

ஓனுகி வாயைத் திறந்தார். அந்த வாயை எனக்குத் தெரியும், இத்தனை பக்கமாக அதைத்தானே எழுதினேன். மகனின் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

காதில் விழாத தூரத்துக்கு, டோஃபு வரிசைப் பக்கம், நகர்ந்துவிட்டேன். (நம்புங்கள்.) ரியோஹெய் நெடுநேரம் பேசினான். ஓனுகியின் கையில் ஸ்டிக்கர் சுருள் அப்படியே நின்றது. ஒரு முறைகூட அவர் நடுவில் புகவில்லை. கடைசியில் ஏதோ கேட்டார். கேள்விதான், முகத்திலேயே தெரிந்தது. அவன் மறுபடி பேச ஆரம்பித்தான்.

என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். லீக் சந்தைக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை, சிவகாமசுந்தரி. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏழு மணி தாண்டிவிட்டது. ஸ்டிக்கருக்காகக் கூடியவர்கள் அப்பாவையும் மகனையும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் குறுக்கிடவில்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, முழு விலை கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.