நான்கு விரற்கடை

ஐந்தரை மணி நேரமாக அண்ணியும் நாத்தனாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தி காலை ஒருத்தி வாரிக்கொண்டிருந்தார்கள். பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம் அது. வருடத்துக்கு ஒருமுறை, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் வந்து உள்ளூர்க்காரர்களோடு மோதுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இருபது புள்ளி சலுகை. மற்றவர்கள் தோற்றுக் கழன்றுகொள்ள, கடைசியில் மிஞ்சியது ஒரே வீட்டுக்காரர்கள்: சம்பளத்துக்கு ஆடும் குட்டியும், பல் செட் செய்யும் வேலை பார்க்கும் அவள் அண்ணியும்.

“அந்த இருபதைத் திருப்பிக் கொடுத்துரட்டுமா? பாவம், சாம்பியனுக்கு வேர்த்துக் கொட்டுதே,” என்றாள் அண்ணி.

“வச்சுக்கங்க அண்ணி, வயசானவங்களுக்கு உதவும்.”

“நான் ரெண்டு பேருக்கும் கை தட்டுவேன்பா,” என்றான் ஆட்டம் பார்க்க வந்திருந்த அண்ணன். “வீட்டுக்குப் போயாகணும்ல.”

குட்டி சிரித்தாள். ஆனால் கண் அண்ணியின் காலிலேயே இருந்தது. பந்தை விடும்போது வழுக்கி நிற்கும் அந்த இடது கால், ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு நான்கு விரற்கடை இப்பால் நின்றது. அளவெடுத்து வைத்த மாதிரி. கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கும். அந்தப் பந்துக்குப் புள்ளி கிடையாது.

ஏழு வருடத்துக்கு முன் இதே கூடத்தில் அந்த மணி அண்ணிக்கு அடித்தது. சம்பளம் தரும் அணியில் இருந்தது ஓர் இடம். போட்டியில் மிஞ்சியது இவர்கள் இருவர். கடைசிப் பந்தில் அண்ணியின் கால் கோட்டைத் தாண்டிற்று. குட்டிக்கு வேலை கிடைத்தது. பதற்றம் என்றார்கள். இவளும் நம்பினாள். அதற்கப்புறம் சேர்ந்து ஆட வாய்க்கவே இல்லை. இன்றுதான் பக்கத்திலிருந்து பார்க்கிறாள்.

இது தவறுகிற காலா?

கடைசி வாய்ப்பு. குட்டியின் பந்து ஒன்பதைச் சாய்த்துவிட்டு வலது மூலையில் ஒன்றை விட்டுவைத்தது. அதையும் சாய்த்தால் இன்னொரு பந்து கிடைக்கும், ஜெயித்துவிடலாம். விட்டால் அண்ணிக்கு மூன்று புள்ளியில் வெற்றி.

ஏழு வருடம் கழித்து இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று திணறியவளுக்கு ஒரு வழி தோன்றிற்று. வழக்கமான இடத்திலிருந்து அரை அடி முன்னால் போய் நின்றாள். வழுக்கினால் கால் தானாகக் கோட்டைத் தாண்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“குட்டி.” பின்னாலிருந்து அண்ணி. “அரை அடி முன்னால நிக்கிற. பின்னால வா.”

“இல்லண்ணி, சரியாத்தான்...”

“வாடின்னா வா.”

குட்டி பின்னால் வந்தாள். பந்து உருண்டது. மூலைக் கட்டை டக்கென்று விழுந்தது. கடைசிப் பந்தில் எட்டு. ஆறு புள்ளியில் ஜெயித்தாள். முதல் கைதட்டல் அண்ணியுடையது. அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தட்டினான்.

ஷூவைக் கழற்றக் குனிந்த குட்டிக்கு முடிச்சு அவிழவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது.

“நன்றின்னு சொன்னா ரொம்பச் சின்னதா இருக்கு அண்ணி.”

“அப்ப சொல்லாத.” அண்ணி அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். “அந்தப் போட்டிக்கு முந்தின ராத்திரி நீ பந்தைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்கின. என் பந்து எங்க கிடந்துச்சுன்னே எனக்குத் தெரியல.”

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“ஆமாடி. வேணும்னேதான் கோட்டைத் தாண்டினேன்.”