ஜோடனை

"பொண்ணு பாக்க வர்றாகன்னா பொண்ண ஜோடிக்க மாட்டீகளா? அப்பிடித்தான் இதுவும். வீட்ட ஜோடிக்கணும்" என்றார் புரோக்கர் பாண்டிச்செல்வம்.

விற்க வேண்டியது என் அக்கா சொர்ணலட்சுமியின் வீடு. சிவகாசியில், அத்தான் ராஜபாண்டியன் காலண்டர் அச்சடித்துச் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு. இதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாருமே ஹாலில் மாலை போட்டிருந்த ஆர்த்தியின் படத்தைப் பார்த்தார்கள். "வயசுப் பிள்ளையா?" என்று கேட்டார்கள். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கல்யாணமாகாத பெண் செத்த வீட்டைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள் எங்கள் ஆட்கள்.

ஆர்த்தி அக்காவின் ஒரே மகள். மூன்று வருடத்துக்கு முன்னால், காய்ச்சல் என்று மாடி அறையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு மட்டும் அவள் இன்னும் சாகவில்லை. காலையில் அந்த அறைக்குக் காபி கொண்டுபோவாள். திரும்பி வந்து, "அவ தூங்குறா" என்பாள். பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. பாலில் கலந்த ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பால்காரனிடம் சண்டை போடுகிறவள்தான். மாலை போட்ட படத்தைக் கூட, யாரோ மறந்து மாட்டிவிட்டுப் போன பொருளைப் போலத்தான் தாண்டிப் போவாள்.

"இடத்த மாத்துங்க. இல்லாட்டி இவுகளையும் அந்த ரூமுக்கே குடுத்துருவீக" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகை வீடு பார்த்துக் கூட்டிப்போனோம். இரண்டு வாரத்தில் ஆட்டோ பிடித்துத் தனியே திரும்பி வந்து மாடி ஏறிவிட்டாள். சாவி நம் கையில் இருக்கிறவரை இவள் அந்த வீட்டை விட்டு வரமாட்டாள் என்று அன்றைக்கே அத்தானுக்குப் புரிந்துவிட்டது. வீட்டை விற்றால்தான் அக்கா எங்களுக்கு மிஞ்சுவாள்.

பாண்டிச்செல்வம் வேலையில் இறங்கினார். ஈரம் ஊறிய சுவரில் பெரிய காலண்டராகப் பார்த்து மாட்டினார். சிவகாசியில் பாதி வீட்டுச் சுவர்களின் மானத்தைக் காலண்டர்தான் காப்பாற்றுகிறது. வாசலில் கோலம், உருளித் தண்ணீரில் ரோஜா இதழ், அடுப்பில் ஏலக்காய் மணக்கப் பாயசம். ஆர்த்தியின் படத்தைக் கழற்றி என் கார் டிக்கியில் வைத்துவிட்டு, அதே ஆணியில் ஏழு குதிரைப் படத்தை மாட்டினார்.

அத்தோடு விட்டாரா? "அண்ணாச்சியும் அக்காவும் இழவு விழுந்த வீடு கணக்கா உக்காந்திருந்தா யாரு வாங்குவா? வாழுற வீடாத் தெரியணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மீனாக்கா, ஒங்க பாப்பாவக் கூட்டியாங்க. மாடி ரூம்ல புஸ்தகத்தோட சும்மா உக்காரட்டும். யாரும் பொய் சொல்ல வேணாம்."

"ஏம்யா, ஒனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினேன். அத்தான் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். காரியாபட்டியில் இருந்து என் மகள் ஹர்ஷினியைக் கல்லூரிக்கு லீவு போட வைத்துக் கூட்டி வந்தேன். அக்கா தங்கை பிள்ளைகள். மூக்கும் முழியும் ஒரே அச்சு. அக்காவே அவளுக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர் சீனிவாசகம். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். மனைவியோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். அந்த அம்மாள் குழாயைத் திறந்து பார்த்தாள், கதவைத் தட்டிப் பார்த்தாள், பாயச வாசனையை ஒரு தடவை ஆழமாக இழுத்தாள். நல்லவேளை, காலண்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போனோம். ஹர்ஷினி எழுந்து நின்று, "வாங்க" என்றாள்.

"ஒங்க மகளா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

பாண்டிச்செல்வம் மின்விசிறியைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் அக்கா, "ஆமா, எம்மகதான்" என்றாள்.

"பேரென்ன தாயி?"

ஹர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆர்த்தி" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் பையில் இருந்து அம்மன் குங்குமத்தை எடுத்து ஹர்ஷினியின் நெற்றியில் வைத்தாள். கீழே வந்து பாயசம் குடிக்கும்போது, அதுவரை என் அக்காவை 'அக்கா' என்று கூப்பிட்டவள், சம்பந்தி முறை கொண்டாடி 'மதினி' என்று மாறினாள்.

"எங்க ஹரிஷ்குமாருக்கு ரொம்ப நாளாப் பாக்கோம் மதினி. வீடு பாக்க வந்த எடத்துல ஆத்தா பொண்ணையே காட்டிட்டா. ஜாதகம் ஒரு காப்பி குடுங்க."

படிக்கிறாள், இப்போதைக்குப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வெற்றிலைத் தட்டில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம். ஆர்த்தியுடையது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று நகல் எடுத்து வைத்திருந்தாள். கேட்டு யாரும் வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

அப்போது அக்காவின் முகத்தில் இருந்த களையை என் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன். பெற்ற மகளைக் கேட்டு ஒரு குடும்பம் வாசலுக்கு வந்துவிட்ட களை. அதை எப்படிக் கலைப்பது? கலைக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர்கள் போனதும் பாண்டிச்செல்வத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அத்தான்தான் தடுத்தார். "விடு மீனா. பொருத்தம் இல்லாமப் போயிரும். வீட்ட மட்டும் வாங்கிக்கிடுவாக." பெண்ணுக்குப் பொருத்தம் அமைய வேண்டும் என்று கும்பிடுவார்கள். நாங்கள் அமையக்கூடாது என்று இருக்கன்குடியாளைக் கும்பிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பத்துக்கு எட்டுப் பொருத்தம்!" அந்த அம்மாளின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சம்பந்தம் பேசுன பெறகு வீட்டுக்கு என்ன வெல பேச? அதெல்லாம் நாம பாத்துக்கிடலாம். ஜோசியர் இன்னொண்ணும் சொன்னாரு, கேட்டதுமே மனசு குளுந்து போச்சு. பொண்ணுக்கு ஆயுசு ரொம்பக் கெட்டியாம். எம்பது வயசு வரைக்கும் ஒரு கொறையும் கெடையாதாம்."

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். போனை அத்தான் கையில் இருந்து வாங்கினாள்.

"எங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னாக மதினி" என்றாள். "எம்பதுன்னுதான் சொன்னாக. இருவத்திரெண்டுல போயிட்டா."

அக்கா போனைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு வெங்காயத் தோலுக்கு மத்தியில் உட்கார்ந்தாள். அத்தானை நிமிர்ந்து பார்த்தாள். அவருக்குத் தெரியாத ஒரு சேதியைச் சொல்வதுபோல, "ஏங்க, நம்ம பிள்ள போயிட்டா" என்றாள்.