பால்கனியிலிருந்து படகு தெரியும்

படகு வைத்திருப்பவர்களுக்குக் கரையோர அடுக்குமாடி வீடு விற்பது என் வேலை. எனக்கு நீச்சல் தெரியாது; படகில் கால் வைத்தாலே குமட்டும். ஆனாலும் "காபி குடித்தபடியே உங்கள் படகைப் பாருங்கள்" என்று விளம்பரத்தில் எழுதியவன் நான்தான். அந்த ஒரு வரிக்காக என் முதுகை நானே தட்டிக்கொண்ட நாட்கள் நிறைய.

அன்று படகுக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். சமையலறை, குளியலறை எல்லாம் பிடித்துப்போய், முன்பணக் காசோலையையே வெளியே எடுத்துவிட்டார். என் வாய் சும்மா இருந்தால்தானே! இருவரையும் பால்கனிக்கு இழுத்துப் போனேன்.

"சார், உங்க படகு அதோ அங்கதான் நிக்கும். அதுல யாரு உக்காந்திருக்காங்க, என்ன பண்றாங்க, எல்லாம் இங்கேருந்தே பளிச்சுனு தெரியும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமையானா இன்ஜின் ரிப்பேர்னு போறீங்களே, அதையும் பாக்கலாம்" என்றார் அந்த அம்மா. "ரொம்ப நல்ல வீடுங்க."

"இங்க காத்து ஜாஸ்தி. யோசிச்சுச் சொல்றோம்" என்று காசோலையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் நடையைக் கட்டினார்.

இவ்வளவு நல்ல பால்கனியை ஏன் வேண்டாமென்றார்? எனக்கு விளங்கவேயில்லை. அதே பால்கனி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினேன். போன் அடித்தது. என் மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"கஸ்டமரோட இருக்கேம்மா. இன்னும் ரெண்டு மணி நேரமாகும்" என்றேன், வழக்கம்போல.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.